கடைசி வரியைப் படிக்காத ஐந்து பொறியாளர்கள்

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! அடையாற்றின் இந்த மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்து அமர்ந்திருக்கும் மதிநுட்பம் மிக்க பெரியோர்களே! முழங்கால் அளவு வெள்ளத்திலும் முகம் சுளிக்காத வேளச்சேரித் தாய்மார்களே! நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் குழுத் தலைவர் சுஹாஸ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் புகழேந்தியின் வணக்கம்.

'மழைத்துணை' இணையதளத்தை உருவாக்கிய எங்கள் ஐவரையும் பாராட்ட இவ்விழா. பாராட்டுங்கள்! வேண்டாம் என்று மறுக்கும் அளவுக்கு எங்களுக்கு வெட்கம் கிடையாது. ஆனால் எதற்குப் பாராட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு பாராட்டுங்கள்.

எங்கள் தளத்தின் வேலை என்ன? வெள்ளத்தில் சிக்கியவர் அழைக்க ஒரே ஓர் எண்ணைக் காட்டுவது. அதற்கு எத்தனை நிறம் வேண்டும்? வெள்ளை, கறுப்பு, சிவப்பு. போதுமா? போதாது என்றார் சுஹாஸ். மழைக்கு இரண்டு நாள் முன்பு முழங்கினார்: "சாதா சிஎஸ்எஸ்ல எழுதினா அசிங்கம். சாஸ் போட்டே ஆகணும்!"

அங்கே ஓர் அம்மா கேட்கிறார்கள், சமோசாவுக்கா என்று! இல்லை தாயே. பக்கத்தின் நிறத்தையும் அழகையும் எழுதும் மொழி சிஎஸ்எஸ். அதையே சுருக்கமாக எழுத உதவுவது சாஸ். சிவப்புக்கு ஒருமுறை பெயர் வைத்தால் போதும், எல்லா இடத்திலும் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஆனால் பிரவுசருக்குச் சாஸ் புரியாது. தளம் வெளியே போகுமுன் 'பில்ட்' என்றொரு வேலை நடக்கும். அப்போது சாஸ் சாதா சிஎஸ்எஸ்ஸாக மாற வேண்டும். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. முந்நூறு பக்கத் தளத்துக்கு அது வரம். ஒற்றைப் பக்கத்துக்கு? ஒருவர் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டா!

அந்த இரண்டு நாளும் என்ன செய்தோம்? சிவப்புக்குப் பெயர் சூட்டினோம். அபாயச் செம்மையா, அந்திச் செம்மையா? வாக்கெடுப்பே நடந்தது. அடியேன் அந்திக்கு வாக்களித்தேன்.

வியாழன் காலை வானம் கிழிந்தது. பக்கத்தில் இருந்ததோ சென்ற ஆண்டின் எண்! அதை வைத்திருந்த தொண்டர் எப்போதோ விட்டுவிட்டார். எட்டு மணிக்குப் புதிய எண்ணைப் போட்டு அனுப்பினோம். பில்ட் பாதியில் விழுந்தது; பக்கத்தில் பழைய எண்ணே நின்றது. திரை முழுக்க நாற்பது வரிச் சிவப்பு எழுத்து. அபாயமா, அந்தியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை!

"என் லேப்டாப்ல ஓடறதே!" என்றார் சுஹாஸ். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நாங்கள் என்ன செய்தோம்? ஒருவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினார். ஒருவர் அமைப்புக் கோப்பின் வரிகளை மேலும் கீழுமாக மாற்றினார். நான் அந்தத் திரையைப் படம்பிடித்து, கேலி வாசகம் சேர்த்து நண்பர்கள் குழுவில் போட்டேன். ஏழு பேர் சிரித்தார்கள். புதிய எண்ணை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பலாமே என்று ஐவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழைய எண் அப்போது எங்கே ஒலித்தது? தியாகராய நகரில், ரவிக்கை தைக்கும் ஹம்சா அக்காவின் மேசையில்! அந்த எண் இப்போது அவருடையது. முதலில் அழைத்தவர் வேளச்சேரி சுலோச்சனா அம்மா. அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். "படகு அனுப்புங்கம்மா" என்றார். ராங் நம்பர் என்று வைத்திருக்கலாம் அல்லவா? ஹம்சா அக்கா வைக்கவில்லை. அளவு எழுதும் நோட்டில் தெரு, மாடி, எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார். நண்பகலுக்குள் பதினேழு வீடு!

எண் எங்கே கிடைத்தது என்று அழைத்தவர்களிடம் கேட்டு, எங்கள் பக்கத்தைத் திறந்தார். அடியில் 'உருவாக்கியவர்கள்' என்று எங்கள் பெயரும் எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன. அந்த எண்கள் மட்டும் சரியாக இருந்தன!

ஒரு மணிக்கு என்னை அழைத்தார். "நைனா, காலைல இருந்து என் போனுக்குக் கால் வந்துகினே கீது. நம்பர மாத்த மாட்டியா?"

"மாத்திட்டோங்க்கா. ஏத்த முடியல. ஏதோ எரர் வருது."

"இன்னா எழுதிக்கீது அதுல?"

"அது பெருசா இருக்குக்கா..."

"கடைசி வரைக்கும் படிச்சுக் காட்டு. நான் லைன்ல கீறேன்."

படித்தேன். பள்ளிப் பிள்ளை போல உரக்கப் படித்தேன். கடைசி வரியில் என்ன இருந்தது தெரியுமா? 'சாஸ் இங்கே இல்லை. நிறுவினீர்களா? இப்படி நிறுவிப் பாருங்கள்.' கீழே கட்டளையையும் எழுதிக் கொடுத்திருந்தது! சுஹாஸ் தம் கணினியில் சாஸை முன்பே நிறுவியிருந்தார். தளத்துக்குத் தேவையான கருவிகளின் பட்டியலில் அதனால் சேர்ந்த ஒரு வரியை எங்களுக்கு அனுப்ப மறந்திருந்தார். அவ்வளவே! பட்டியல் வந்தது, பில்ட் எழுந்தது, புதிய எண் ஏறியது, இரண்டே நிமிடம்.

"படகு?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அத்த உன்ன நம்பியா உடுவேன்? ஊரூர் குப்பத்துல மீன் புடிக்கிற தணிகாசலம் அண்ணன் அவரு படக லாரில ஏத்திகினு அப்பவே பூட்டாரு."

சுலோச்சனா அம்மா இரண்டரை மணிக்குப் படகேறினார். மறுநாள் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. திட்டவில்லை. "அது தப்பு நம்பர்னு உங்களுக்குக் காலையிலயே தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்பர்களே! அழகுக்கு நாங்கள் எதிரிகளா? இல்லை. அறிவுக்கு எதிரிகளா? இல்லை. படிக்காமல் பதறிய, பதறியதைத் திறமை என்று நம்பிய பெருமைக்காரர்கள் நாங்கள்! எங்களை நம்பாதீர்கள், சோதியுங்கள். இப்போதே கைப்பேசியை எடுங்கள். எங்கள் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணை அழையுங்கள். ஒலிக்கிறதா? சுஹாஸ், உங்கள் சட்டைப்பையில்தான்! இப்போது அந்த எண் உங்கள் பொறுப்பில் அல்லவா? மேடை என்று பார்க்காதீர்கள். எடுங்கள். பெயரைக் கேளுங்கள், தெருவைக் கேளுங்கள்.

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. அவர் பேசட்டும். நான் அமர்கிறேன். வணக்கம்.