ஈரத்தோடு சுற்றிய கீரை

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. மாலை ஐந்து நாற்பது. பின்சந்தில் ட்ர்ர்ர் என்று இரைச்சல். கிட்ட வருகிறது. மதிலுக்கு மேலே வெள்ளைப் புகை. என் மகள் அந்தச் சந்தில்தான் கீரை பறிக்கிறாள். ஏழு வயது.

இது மலேசியாவின் கிள்ளான். இங்கே போர் இல்லை. தெரிந்தும் ஓடுகிறேன்.

சந்தில் ஐந்து காலி மீன் பெட்டிகளில் மண் நிரப்பிப் பசளியும் பொன்னாங்காணியும் வளர்க்கிறேன். விடியும்போதே பறித்துவிடுவேன். கழுவமாட்டேன். பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சமைக்கும் நேரத்தில் யாரும் கீரைக்கென்று வெளியே போகக்கூடாது. அது என் வீட்டுச் சட்டம். செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாடிய கீரை தின்கிறவள் நான்தான் என்று அடுத்த வீட்டுக் கமலா சிரிப்பாள். சூடு கண்ட பூனை நான். சிரிக்கட்டும்.

அந்த மாலை சட்டம் பிசகிவிட்டது. மழையில் பறித்ததை ஈரத்தோடு சுற்றியிருந்தேன். பிரித்தேன். குழைந்து நாறியது. அடுப்பில் பருப்பு வெந்துவிட்டது. ஒரு பிடி பறித்து வா என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

இலங்கை, வன்னி. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பதுங்குகுழிக்குள் பருப்பு வெந்தது. காலையிலிருந்து விழுந்த ஷெல் சற்று ஓய்ந்தது. முருங்கை பத்தடி தூரம். தங்கச்சி ஒரு பிடி இலையோடு திரும்பினாள். மறுபடியும் போனாள். கூவிக்கொண்டு ஒன்று வந்தது. "படு, படு" என்று கத்தினேன். அவள் குனிந்து இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

புகைக்குள் பாய்கிறேன். கண் எரிகிறது. மகளைக் காணவில்லை. பெட்டிகளுக்கு நடுவே கையால் துழாவுகிறேன். கமலாவின் பின்கதவு திறக்கிறது. ஒரு கை என்னை உள்ளே இழுக்கிறது. மகள் அங்கே நிற்கிறாள். கையில் பசளி.

"கொசு மருந்துதான்லா அடிக்கிறாங்க அக்கா. பிள்ளைய நான் அப்பவே உள்ள கூப்டுட்டேன்."

மகளை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்தேன். இரைச்சல் ஓய்ந்தும் எழவில்லை. கமலா தரையில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். சிரிக்கவில்லை.

மறக்காமல் இருக்க எழுதுகிறேன். இழந்தவை: மருந்து பட்ட ஐந்து பெட்டிக் கீரை. அடிப்பிடித்த ஒரு சட்டி பருப்பு. தங்கச்சி ஒருத்தி, வதனி, பதினாறு வயது. ஒரு பிடி இலை போதாது என்று அவளை இரண்டாம் முறை நான் அனுப்பினேன்.