ராணியின் தூபக்கால்

அந்த ஜன்னலைத் திறந்துவிட்டு நெருங்கி உட்காருங்கள், கண்மணிகளே. மூடிய அறையில் எனக்குக் கதை வராது. இது நானே செய்த காரியத்தின் கதை.

பாரிசில் எங்கள் முதலாளி முசியே வோக்ளேரின் பட்டறையில் என் கணவர் பார்த்தெலெமி வெண்கலத்துக்குப் பொன்முலாம் பூசினார், நான் மெருகேற்றினேன். பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்ட வேண்டும். பாதரசம் ஆவியாகிவிடும், பொன் தங்கும். அந்த ஆவி ஆளைக் கொல்லும். அதை ஈர்த்துக்கொள்ளும் என்று முலாம்காரர்கள் வாயில் ஒரு பொற்காசை அடக்கிக்கொள்வார்கள். மாலையில் காசு வெளுத்திருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் ராணியின் அறைக்கு ஒரு தூபக்கால் செய்தோம். பழைய ரோமாபுரி பாணி. மூன்று ஆட்டுக்கால், மூன்று ஆட்டுத்தலை. குளிர்காற்று பட்டால் முலாம் கெடும் என்று முசியே ஜன்னல்களை ஆணியடித்து மூடினார். என் கணவருக்குக் கை உதறத் தொடங்கியது.

"என்னப்பா, பாட்டே இல்லாம ஆடுற?"

"ஜன்னலத் தொறங்க முசியே. மூச்சு முட்டுது."

"வாயிலதான் காசு இருக்கே. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

வசந்தத்தில் அவரைப் புதைத்தேன்.

அதே அச்சில் வார்த்த இன்னொரு தூபக்காலை முசியே தன் படுக்கையறையில் வைத்துக்கொண்டார். மாலைதோறும் கரியிட்டுச் சாம்பிராணி போடுவார். துடைத்து மெருகேற்றுவது என் பொறுப்பு. வெளியே நன்றாகவே மெருகேற்றினேன். உள்ளே, கரி படும் இடத்தில், பாதரசக் குழம்பைப் பூசினேன். சாம்பலோடு சாம்பலாக இருந்தது. நெருப்பில் காட்டும் மீதி வேலையை அவரே செய்துகொண்டார்.

கோடையில் ஒருநாள் அவர் கோப்பையிலிருந்து மது சிந்தியது.

"பெரின், என் கையப் பாரேன். என்னது இது?"

"பாட்டே இல்லாம ஆடுது, முசியே. ஜன்னலத் தொறக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். குழந்தைக்குச் சளி புடிக்கும்."

ஆமாம், கட்டிலை ஒட்டித் தொட்டில் இருந்தது. அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் வாரந்தோறும் பூசினேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பார்த்தெலெமியின் காசை நெருப்பில் வாட்டி, மஞ்சளாக்கி, அந்தக் குழந்தையின் தலையணைக்கு அடியில் வைத்தேன். என்னால் ஆன பாதுகாப்பு அது. இருவரையும் அடக்கம் செய்த பிறகு எடுத்துப் பார்த்தேன்; நன்றாக வெளுத்திருந்தது. காசு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் வீட்டில் தொட்டில் ஓயாமல் ஆடட்டும், கண்மணிகளே. உங்கள் குழந்தைகளுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும்.