அரைப் பந்து உள்ளே

மிசுமி: ...இந்த அநியாயத்தைப் பாருடா. என் உடோன் நூடுல்ஸ்ல ஒரு இறால். உன்னோடதுல ரெண்டு.

ஹிராய்வா: கேன்டீன் அக்காவுக்கு என்னைப் பார்த்தாப் பாவமா இருக்கு போல. இருபது நாளா நான் அடிச்ச பந்து மைதானத்தைத் தாண்டலை, ஒரு ஹோம் ரன் கிடையாதே.

மிசுமி: அடிச்சப்பவும் உனக்கு ரெண்டுதான். அடிக்கலைன்னாலும் ரெண்டுதான். நல்லா இருக்குடா உன் பொழப்பு.

ஹிராய்வா: எடுத்துக்கயேன்...

மிசுமி: ஒண்ணும் வேணாம். உன் எச்சில் இறால்ல வயிறு ரொம்பணும்னு தலையெழுத்து இல்லை எனக்கு.

ஹிராய்வா: ஆரம்பிச்சுட்டான்யா! சரி, அதை விடு. இன்னிக்குப் பயிற்சியில எப்படி அடிச்சேன், சொல்லு. தினமும் நூறு பந்து எனக்குப் போடறவன் நீ. உனக்குத் தெரியாததா?

மிசுமி: நல்லாத்தான் அடிச்ச.

ஹிராய்வா: அப்புறம் ஆட்டத்துல ஏன் வர மாட்டேங்குது? வெளிப்பக்கம் வர்ற பந்து எதுவும் பேட்ல மாட்ட மாட்டேங்குதுடா. முப்பத்தொரு ஹோம் ரன்லயே நிக்கிறேன். வேற டீம்ல அந்தத் தடியன் கபாஷிமா முப்பத்திமூணுக்குப் போயிட்டான். இன்னும் ஒன்பதே ஆட்டம்.

மிசுமி: ஃபூ... ஃபூ...

ஹிராய்வா: என்னடா, வாயைத் திறக்க மாட்டேங்கற?

மிசுமி: சூடா இருக்கு. ஊதிக்கிட்டிருக்கேன்.

ஹிராய்வா: முப்பத்திநாலு வயசாச்சு மிசுமி, பேஸ்பால்ல கிழவன் நான். அதிக ஹோம் ரன் அடிச்சவன்ங்கற பட்டத்தை இந்த வருஷம் விட்டா இனிமே கனவுலதான்.

மிசுமி: விட்டா என்ன, வானமா இடிஞ்சு விழுந்துரும்? நான் ஒரு பட்டமும் வாங்கலை. சாப்பிடறேன், தூங்கறேன், மத்தியானம் வந்து நீங்க அடிக்கறதுக்கு வாகாப் பந்து போடறேன்.

ஹிராய்வா: ஏன்டா இப்படிக் குத்திக் குத்திப் பேசற?

மிசுமி: யாரு குத்தினா? போன மாசம் முப்பதாவது அடிச்சப்ப ஆட்டநாயகன் மேடையில மைக்கைப் பிடிச்சு என்ன சொன்ன? "எல்லாம் எங்க மிசுமி புண்ணியம். அவன் பந்தை யாரு வேணும்னாலும் அடிக்கலாம்." முப்பதாயிரம் பேரு கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க.

ஹிராய்வா: டேய்... அது நன்றிடா.

மிசுமி: அந்த நன்றியை எங்க அம்மாவும் டிவியில பார்த்தாங்க.

ஹிராய்வா: அம்மா நல்லா இருக்காங்களா? சலூன் ஓடுதா?

மிசுமி: பேஷா ஓடுது. லீவு நாள்ல போயிருந்தேன். கண்ணாடிக்கு மேல நான் டீமுக்குத் தேர்வான அன்னிக்கு எடுத்த படம் இருக்கும்ல? பதினாறு வருஷமா அங்கதான் தொங்குச்சு. இப்ப அந்த ஆணியில உன் படம்.

ஹிராய்வா: ஐயய்யோ...

மிசுமி: "முடி வெட்டிக்க வர்றவங்க ஹிராய்வாவைத்தான்டா கேக்கறாங்க"ங்கறாங்க. பெத்த தாய்! என் படத்தைத் துண்டு அடுக்கற அலமாரியில வச்சிருக்காங்க. அதுவும் குப்புற.

ஹிராய்வா: நான் வேணா பேசட்டுமா அவங்ககிட்ட?

மிசுமி: நீ பேசினா அதையும் சட்டம் போட்டு மாட்டுவாங்க. வயிறு எரியுதுடா. ஒரே வருஷத் தேர்வு நாம. முதல் ஆளா எடுத்தது என்னை, பந்து வீச்சாளனா. ஆறாவது ஆளு நீ. பேப்பர்ல என் படம் இத்தனை பெருசு. உன் பேரு கடைசி வரியில, அதுவும் தப்பாப் போட்டிருந்தான்.

ஹிராய்வா: ஞாபகம் இருக்கு. ...நல்லாவே ஞாபகம் இருக்கு.

மிசுமி: என்ன பிரயோஜனம்? ரெண்டாம் வருஷமே முழங்கை போச்சு. நான் பயிற்சி வலைக்குப் பின்னாடி, நீ போஸ்டர்ல.

ஹிராய்வா: முதல் வருஷம் டீம் விடுதியில இருந்தப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் எனக்குப் பந்து போடுவியே...

மிசுமி: போடாம? "இன்னும் பத்து, இன்னும் பத்து"ன்னு உயிரை எடுப்ப. கை கடுக்குதுடான்னு கத்துவேன். உனக்கு எங்க விழுந்துச்சு? பேட்டைக் கையில எடுத்துட்டா நீதான் செவிடாச்சே. இன்னிக்குக்கூட நூறு முடிஞ்சதும் அதே "இன்னும் பத்து".

ஹிராய்வா: உடோன் ஆறுதுடா, சாப்பிடு.

மிசுமி: பேச்சை மாத்தறியா? சரி, நேத்து பேட்டிங் கோச் உன்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன கேட்டாரு?

ஹிராய்வா: ஒண்ணுமில்லை.

மிசுமி: ஹிராய்வா.

ஹிராய்வா: ...பந்து போடற ஆளை மாத்திப் பார்க்கலாமான்னு கேட்டாரு. அக்டோபர்ல உன் ஒப்பந்தத்தையும் யோசிக்கணும்னாரு.

மிசுமி: நீ என்ன சொன்ன?

ஹிராய்வா: மிசுமி பந்துல ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் மணிக்கட்டு வலின்னு சொல்லிட்டேன்.

மிசுமி: மணிக்கட்டு வலிக்குதா?

ஹிராய்வா: இல்லை.

மிசுமி: அடப்பாவி... ஏன்டா அப்படிச் சொன்ன? யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?

ஹிராய்வா: கத்தாதடா, அக்கா பார்க்கறாங்க.

மிசுமி: பார்க்கட்டும். கேளு... என் பந்துலதான்டா குறை. அம்மா சலூனுக்குப் போய்ட்டு வந்த மறுநாள்லேர்ந்து... உனக்குப் பிடிச்ச நடு இடத்துல நான் போடறதே இல்லை. அரைப் பந்து அகலம் உள்ளே, உன் உடம்புப் பக்கமாத் தள்ளிப் போடறேன். கண்ணுக்குத் தெரியாது. ஆனா நூறு பந்துக்கு நீ முழங்கையை ஒடுக்கி ஒடுக்கி அடிச்சா, சாயங்காலம் ஆட்டத்துல வெளிப்பக்கப் பந்து எப்படி எட்டும்? நான்தான் உன்னைக் கெடுத்தேன். போய்ச் சொல்லு கோச்சுகிட்ட.

ஹிராய்வா: தெரியும்.

மிசுமி: என்னது?

ஹிராய்வா: மூணாவது நாளே தெரியும். உன் பந்து எங்க வரும்னு பதினாறு வருஷமாப் பார்க்கறேன். அரைப் பந்து நகர்ந்தா எனக்குத் தெரியாதா?

மிசுமி: தெரிஞ்சும்... இருபது நாளா வாயை மூடிக்கிட்டு நின்னியா? உன் பட்டம் போகுதேடா! என்ன, பரிதாபமா? கை போனவன், போனாப் போகுதுன்னா? அப்படி மட்டும் சொன்ன, இந்தக் கிண்ணத்தை உன் தலையில கவுத்துருவேன்.

ஹிராய்வா: பரிதாபம் இல்லைடா.

மிசுமி: அப்ப என்ன எழவு?

ஹிராய்வா: விடுதியில நீ கை கடுக்குதுன்னு கத்தினது எனக்கு நல்லாவே கேட்டுச்சு மிசுமி. தினமும் கேட்டுச்சு. பேப்பர்ல உன் படம் மட்டும் ஏன் அத்தனை பெருசுன்னு வயிறு எரிஞ்சுதான்... இன்னும் பத்துன்னு கேட்டேன்.