நீச்சல்குளம் கைமாறிய விதம்

அன்புள்ள இஷ்பெல் அக்காவுக்கு,

அன்றைக்குத் தேநீரோடு வந்த ஸ்கோன் ரொட்டி நன்றாக இருந்தது. மன்றக் கூட்டங்களில் அது அபூர்வம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். யார் படித்தாலும் புரிய வேண்டும்.

நகர மன்றத்தின் சின்ன அறை. மேசைத் தலைப்பில் மன்றத் தலைவர் ஃபார்க்கர் லைல். அவருக்கு வலப்பக்கம், ஈரக் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு நீ. சன்னலோரம் கோட்டைக் கழற்றாமல் எஃபி கார்கில், குளத்துக்கு வருகிறவர்கள் சார்பில். கதவருகே கோப்புகளோடு நான். நூலகம், அருங்காட்சியகம், நீச்சல்குளம் மூன்றுக்கும் பொறுப்பான மன்ற அதிகாரி.

“மூணையும் லாபம் பாக்காத ஒரு அறக்கட்டளைகிட்ட குடுத்துட்டா கட்டட வரி கிடையாது. அந்த மிச்சத்துல மூணையும் ஓட்டிரலாம். இல்லன்னா மூணுக்கும் பூட்டுதான்” என்றார் லைல்.

“குளத்தக் குடுக்கறீங்க, சரி. ஒழுகுற கூரையையும் சேத்துத்தான் தலையில கட்டறீங்களா?” என்றாள் எஃபி.

“நம்ம கார்னெத்தி ஊர்ல வெளியவும் மழை, உள்ளயும் மழை. நமக்கென்ன புதுசா?” என்றார் லைல்.

“சரி, அதிகாரியோட அக்காவே அறக்கட்டளைக்குத் தலைவியா? நல்லாருக்கு நியாயம்!” என்றாள் எஃபி.

“இந்த ஊர்ல யாரு யாருக்கு அக்கா இல்ல?” என்றாய் நீ. “நாப்பது வயசுல உனக்கு நீச்சல் கத்துக் குடுத்தவ நான். தண்ணி குடிச்சது நீ, திட்டு வாங்கினது நான். இப்பவும் அப்படித்தான் போல.”

எஃபியே சிரித்துவிட்டாள். சம்பளமில்லாத அந்தப் பதவியை நீ ஏற்றுக்கொண்டாய்.

ஒப்பந்தப்படி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கட்டடங்களின் பராமரிப்பும் பாதுகாப்பும் அறக்கட்டளையைச் சேரும். அதற்கு ஒரு வாரம் முன்பு, குளத்தின் உள்கூரையைப் பரிசோதித்த பொறியாளர் ரென்னி போன் செய்தார்.

“கூரையத் தொங்கவிட்டிருக்கற எஃகுக் கம்பியெல்லாம் பாக்கறதுக்குப் பளபளன்னுதான் இருக்கு சார். குளோரின் ஆவி பட்டு உள்ளுக்குள்ள வெடிச்சுக் கெடக்கு. இன்னைக்கே மூடிருங்க. அறிக்கைய நாளைக்கு அனுப்பறேன்.”

“அவசரமில்ல. ஒண்ணாம் தேதி தாண்டட்டும். அறக்கட்டளை பேருக்கு அனுப்புங்க.”

அவர் மறுபடி கேட்டார்: “மூடிருவீங்கல்ல?”

“அவங்க பாத்துக்குவாங்க.”

என் கணக்கு தவறானது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அறக்கட்டளைக்கு வருமானம் குளத்திலிருந்துதான். அதை அப்போது மூடியிருந்தால் லைல் பின்வாங்கியிருப்பார்; நூலகமும் அருங்காட்சியகமும் கூடவே போயிருக்கும். நாற்பது பேருக்கு வேலை போயிருக்கும். அவர்களில் யாரும் இன்றுவரை எனக்கு நன்றி சொன்னதில்லை.

கையெழுத்துப் போடும் முன் நீ என் பக்கம் திரும்பினாய். “கூரை நல்லாத்தானடா இருக்கு?”

“நல்லாருக்கு” என்றேன்.

வேறு யாரைத் தலைவராகப் போட்டிருந்தாலும் கூரையைப் பார்க்கத் தங்கள் ஆளை ஏணியோடு அனுப்பியிருப்பார்கள். நீ என்னைக் கேட்டாய். எதுவானாலும் என்னையே கேட்பாய் என்றுதான் உன் பெயரை முதலிலேயே நான் பரிந்துரைத்தேன். ஊருக்கு உன்மேல் நம்பிக்கை, உனக்கு என்மேல்.

புது அறக்கட்டளைக்கு முதல் வருடம் சொந்த அலுவலகம் கிடையாது. அதன் தபால் என் மேசைக்கு வந்தது. அதன் முத்திரையும் என்னிடம்தான் இருந்தது. ரென்னியின் அறிக்கை வந்ததும் முறைப்படி ‘அறக்கட்டளை பெற்றுக்கொண்டது’ என்று முத்திரை குத்தி, அறக்கட்டளையின் அலமாரியில் வைத்தேன். அதை உனக்குக் காட்டவில்லை.

பிறகு சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் பத்திரிகையில் உன் படம் வந்தது, மகிழ்ச்சியாக இருந்தாய். மே மாதம் பள்ளிகளின் நீச்சல் போட்டி. அப்புறம் கோடை விடுமுறைக் கூட்டம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள். நான் மட்டும் அந்தக் குளத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, வயதானவர்களின் தண்ணீர் உடற்பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது கூரை இடிந்து இறங்கியது. எஃபியும் அவளோடு பயிற்சியில் இருந்த வாட்டி ஸ்பென்ஸும் தண்ணீரிலிருந்து மேலே வரவில்லை.

எஃபியின் அடக்கத்துக்குப் போனாய். தேவாலயத்தில் உன் வரிசையில் யாரும் உட்காரவில்லை. நானும் முன்வரிசையில், லைல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்றத்தின் சார்பில் போயிருந்ததால்.

அன்று மாலை என் சமையலறையில், தேநீரைத் தொடாமல் கேட்டாய்: “ரோரி, அப்படி ஒரு அறிக்கை வந்துச்சாம்டா. முத்திரையெல்லாம் குத்திருக்காம். நான் பாத்த ஞாபகமே இல்ல. பாத்துட்டு மறந்துட்டனா?”

“வேல மும்முரத்துல இருந்திருக்கும்க்கா.”

“அப்ப ரெண்டு பேரையும் நான்தான் கொன்னுருக்கேன்.”

“அப்படியெல்லாம் பேசாத” என்று சொல்லி உனக்குச் சூடாக வேறு தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ரென்னியை விசாரித்தார்கள். அறிக்கையை அறக்கட்டளைக்கு அனுப்பியதாகச் சொன்னார், அது உண்மைதான். போனில் பேசியது அவருக்கு நினைவில்லையாம். ஆபத்து தெரிந்தும் ஒரு வாரம் வாய்திறக்காமல் இருந்தவர் அவரும்தானே.

திங்கட்கிழமை நீ குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறாய். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக உன் வக்கீல் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூரையைப் பற்றித் தெரிந்திருந்தது எனக்கு, மறைத்ததும் நான். இந்த ஒரு கடிதம் போதும், உன்னை விட்டுவிடுவார்கள், என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

அரசு வழக்கறிஞருக்கே நேரடியாக அனுப்பலாம்தான். யோசித்தேன். அறக்கட்டளை விஷயத்தை அதன் தலைவியைத் தாண்டி வெளியே அனுப்புவது முறையல்ல. ஆகவே உனக்கே அனுப்புகிறேன். நீதிமன்றத்தில் கொடுப்பதா, அடுப்பில் போடுவதா என்பது இனி உன் பொறுப்பு. உன் தம்பி என்பதற்காக எந்தச் சலுகையும் காட்ட வேண்டாம்.

ஐந்து மணித் தபால் போய்விடும். உறையை ஒட்டப் போகிறேன். சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது அக்கா. என் பக்கத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டேன்.

அன்புத் தம்பி,
ரோரி