இன்னும் ஒரே ஒரு படம்

மாலை எட்டு மணி. செப்டம்பர். ஹோல்வெர்ட் என்ற ஊரிலிருந்து கடலுக்குப் போகும் சாலை... இருபுறமும் ஆடு மேயும் புல்வெளி, ஓர் ஈ காக்கை கிடையாது. கிட்ட வந்து உட்காருங்கள். என்னோடு வேலை பார்க்கும் டூடெயின் அக்கா புருஷன் யெல்மருக்கு நடந்தது இது.

யெல்மருக்குக் கேமராப் பைத்தியம். அன்றைக்குச் சந்திர கிரகணம். கடல் வடிந்த சேற்றில், படகுகளுக்கு வழிகாட்ட நட்ட பழைய கம்பம் ஒன்று. அதன் பின்னால் சிவந்த நிலா... அந்த ஒரு படத்துக்காகத் தவம் கிடந்தான். மனைவி ஃப்ரௌக்யெ நிறைமாதக் கர்ப்பிணி.

"பௌர்ணமித் தண்ணி வேகமா ஏறும். நிலா கறுத்ததும் கிளம்பிடு," என்றாள். "என்னையும் இதையும் நெனச்சுக்கோ."

"உன் தம்பி கூட வர்றான்ல, என்ன பயம்?"

டூடெ வந்தான்தான். பாதிச் சேறு தாண்டிய பிறகு, மாற்று பேட்டரியை யெல்மர் காரிலேயே விட்டது தெரிந்தது.

"நல்லவேளை, கேமராவையாவது கொண்டாந்தியே மச்சான்."

என்று முணுமுணுத்தபடி, அதை எடுக்க டூடெ கரைக்குத் திரும்பினான்.

நிலா முழுசாக நிழலில் மறைந்து, மங்கலாகச் சிவந்தது. டார்ச் அடிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும். கும்மிருட்டு. சளக்... சளக்... சேற்றில் காலடி. பக்கத்தில் வந்து நின்றது. அழுகிய பாசி வாடை.

"பேட்டரி கெடச்சுதா?"

"ம்."

முக்காலியில் நிறுத்திய கேமராவில் படம் எடுத்தான். கிளம்பலாம் என்றான்.

"இன்னும் ஒரே ஒரு படம்." காதோரம், மெதுவாக.

மறுபடி கிளம்பலாம் என்றான். மறுபடி அதே பதில். சரியென்று, ஒரே படத்துக்காக ஐந்து நிமிடம் கண் திறந்தே இருக்கும்படி கேமராவைத் தட்டிவிட்டான். அப்போது பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கியது. கரையில் கார் ஹாரன்... விடாமல்.

டூடெ அங்கே இருக்கிறான் என்றால்...

டார்ச்சைப் போட்டான். பக்கத்தில் யாருமில்லை. சுற்றிலும் தண்ணீர். கேமராவைப் போட்டது போட்டபடி விட்டு, ஹாரன் வந்த திசைக்கு ஓடினான். பாதி வழியில், சேற்றின் குறுக்கே ஓடும் வாய்க்காலில், இடுப்பளவு தண்ணீர். டார்ச் நழுவி மூழ்கியது. எப்படியோ கரையேறி முன்சீட்டில் விழுந்தான்.

"எவ்வளவு நேரமா கத்துறேன்!" டூடெ அழுதேவிட்டான். "தண்ணி மறிச்சிடுச்சு, என்னால திரும்பி வர முடியல."

டூடெ நேராக ஃப்ரௌக்யெயிடம் வண்டியை விட்டான்.

மறுநாள் கடல் வடிந்ததும் கேமராவை மீட்டார்கள். அது பாழாகிவிட்டது, உள்ளே மெமரி கார்டு பிழைத்திருந்தது. யெல்மர் வீட்டுக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அவனும் டூடெயும் பார்த்தார்கள். கடலைப் பார்த்து வைத்த கேமரா. ஆனால் கடைசிப் படத்தில் தெரிந்தது கரை. யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

இருட்டில் அவ்வளவு நேரம் எடுக்கும் படத்தில் ஓடும் ஆள் விழமாட்டான். கைவெளிச்சம் மட்டும் கோடாக விழும். யெல்மரின் டார்ச், ஒரு கோடு. வாய்க்காலில் அறுந்திருந்தது. அதை ஒட்டியே இன்னொரு கோடு. அது அறுபடவில்லை. காரின் பின்கதவு வரை போயிருந்தது.

மாடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தில், ஃப்ரௌக்யெயின் குரல் கேட்டது.

"யெல்மர், வயித்துலேந்து கைய எடு. ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"