எங்கள் மெத்தைக்கடையைத் தொடங்காத தாத்தா

தலைமை நாற்காலிக்கே பெருமை சேர்க்கும் சிறுதொழில் சங்கத் தலைவி அவர்களே! "இரண்டே நிமிடம்" என்று தொடங்கி நம் இரண்டு கால்களையும் மரத்துப்போகச் செய்த, எனக்கு முன் பேசிய பெரியவரே! அனுபவத்தாலும் முழங்கால் வலியாலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தை அடிவயிற்றில் சுமந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

"இணையதளத்தில் கதை சொல்லி வாடிக்கையாளர் மனத்தைத் தொடுவது எப்படி?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தொடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கெடுவது எப்படி என்று தெரியும். அதையே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சு மெத்தை தைப்பவர். தையல் நேர்த்தி, பேச்சு பூஜ்யம். ரெடிமேட் மெத்தைகள் தெருவை நிறைத்த பிறகு எங்கள் கடைக்குள் வந்தவர்கள் எல்லாம் வழி கேட்க வந்தவர்கள். "இந்த மாசத்தோட காலி பண்ணிடறேன்" என்று இடத்துக்காரரிடம் சொல்லியே விட்டார். மிச்சமிருந்த நம்பிக்கை ஒன்றுதான். ஒரு நர்ஸுகள் விடுதி மொத்தமாக மெத்தை வாங்க, மாதிரிக்கு ஒன்று தைத்துத் தரச் சொல்லியிருந்தது.

கணினி கற்ற என் கொழுந்தன் களத்தில் குதித்தார். "அண்ணி, கதை இல்லாத கடைக்குக் காக்காகூட வராது. வெப்சைட் நான் போட்டுத் தர்றேன்."

போட்டார். பார்த்தேன். பதறினேன். வெள்ளைத் தாடி, வெல்லச் சிரிப்பு, வானத்திலிருந்து இறங்கியது போல் ஒரு தாத்தா! கீழே, "எங்கள் நிறுவனர். அரண்மனைக்கு மெத்தை தைத்த கைகள்."

"யாருப்பா இவர்?"

"யாரோ, நெட்ல கிடைச்சார். முகத்துல ஒரு நம்பிக்கை இருக்குல்ல?"

"உங்க தாத்தா லாரி ஓட்டினவருப்பா!"

"லாரிக்கெல்லாம் கதை எடுபடாது, அண்ணி."

அன்பர்களே! அன்றாடம் ஆண்டவனைத் தொழுபவள் நான். "கடவுளே, இந்தத் தாத்தா யார்?" என்று கேட்டேன். படைத்தவருக்கே அடையாளம் தெரியவில்லை போலும். வீட்டுக் கணக்கும் எழுதுபவள் நான். வராத வரவை எழுதக் கூடாது என்றால், வாழாத தாத்தாவை மட்டும் எழுதலாமா?

யாரங்கே? "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்" என்கிறாரா, கட்டம் போட்ட சட்டை அண்ணன்? சரி அண்ணே! கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது யார்? பக்கத்தில் அண்ணி இருக்கிறார், கேளுங்கள்!

ஒரு மதியம். விடுதிக் காப்பாளர் அம்மா கைப்பேசியும் கையுமாகக் கடைக்குள் நுழைந்தார்.

"இந்தப் பெரியவர் எங்கம்மா? போன தடவை கட்டி கட்டியா மெத்தை கொடுத்து எங்களை ஏமாத்தினான் ஒருத்தன். அவன் வெப்சைட்லயும் இவர்தான் சிரிக்கிறார். என் பல் டாக்டர் கிளினிக்கையும் இவர்தான் ஆரம்பிச்சிருக்கார். எத்தனை தொழில்மா இவருக்கு?"

பூமி பிளந்ததா? இல்லை. புதைய இடம் கிடைத்ததா? இல்லை. பின்கட்டிலிருந்து ஒரு குறட்டைதான் கிளம்பியது, மரம் அறுக்கும் ஆலை போல!

"என்னம்மா அது?"

"அதுதாம்மா எங்க நிஜ நிறுவனர், என் வீட்டுக்காரர். தைச்ச மெத்தையில அவரே படுத்துப் பார்ப்பார். குறட்டை வந்தா மெத்தை கடையை விட்டு வெளியே போகும். புரண்டு படுத்தா, பிரிச்சிடுவார்."

வயிறு கிழிந்து, பஞ்சு பிதுங்கி, மூலையில் கிடந்த மெத்தையைக் காட்டினேன். "உங்களுக்குத் தைச்சதுதான். நேத்தே அனுப்பியிருக்கணும். தூக்கம் வரலைன்னு பிரிச்சுப் போட்டுட்டு, இப்ப வேற தைச்சு அதுல படுத்திருக்கார்."

அந்த அம்மா குனிந்து பஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவினார். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. "இதுக்கா பிரிச்சார்?"

அதற்குள் நிறுவனர் விழித்துவிட்டார். "என் குறட்டையை ஊருக்கே சொல்றியா? மானம் போகுதுடி!"

"மானம் கிழிஞ்சா தைச்சுக்கலாங்க. கடை போனா?"

காப்பாளர் அம்மா நிமிர்ந்தார். "தாத்தாவை இறக்குங்க, இவரை ஏத்துங்க. எங்க பிள்ளைங்க நைட் டியூட்டி முடிச்சுப் பகல்ல தூங்கறவங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டிய கதை இதுதான். மெத்தை மொத்தமும் நீங்களே தைங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். "சரி. ஆனா வாயை மூடிட்டுத் தூங்கற மாதிரி படம் எடுங்க."

"உனக்கு அது வராதுண்ணே," என்றார் கொழுந்தன்.

வரவில்லை. வாய் பிளந்தபடியே படம் ஏறியது. மெத்தைகளும் விடுதி ஏறின. பிறகு ஒரு நாள், எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண் எழுதியிருந்தாள்: "டியூட்டி முடிந்து வந்து படுத்தேன். உங்கள் நிறுவனரைப் போலவே தூங்கினேனாம். அறைத்தோழி புகார் செய்கிறாள்."

படித்தார் என் வீட்டுக்காரர். நேரே இடத்துக்காரரிடம் போய், "காலி பண்றேன்னு சொன்னதை மறந்துடுங்க" என்றார்.

தாய்மார்களே! கொழுந்தன் சொன்னது சரி, கடைக்குக் கதை வேண்டும். ஆனால் இரவல் கதை காலை வாரும்! வாங்க வருபவர் தேடுவது வம்சமா? தாடியா? அரண்மனையா? இல்லை, இல்லவே இல்லை! "இதை என் கையில் தருமுன், இவர்கள் என்னை ஒரு கணம் நினைத்தார்களா?" அது ஒன்றைத்தான் தேடுகிறார். அதைக் காட்டுங்கள்! வழுக்கையோடு காட்டுங்கள், வியர்வையோடு காட்டுங்கள், பிளந்த வாயோடும் காட்டுங்கள்!

மேடை தந்த தலைவிக்கும், மைக்கைப் பிடுங்காத செயலாளருக்கும், புரிந்தது போல் தலையாட்டிய அனைவருக்கும் நன்றி. ஆண்டவன் உங்கள் கடைக்கு ஆளையும் கட்டிலுக்கு உறக்கத்தையும் அருளட்டும். வணக்கம்!