பந்தயத்துக்கு மூண்டு மட்டி ஓடு

மேர்சி: ஏன் மூண்டு? ஒண்டு வைச்சா என்ன?

ஜொய்சன்: ஒரேயொரு மட்டி ஓடு நடுவில கிடந்தா பாக்கவே பாவமா இருக்கும் புள்ள. ஆரும் மதிக்கமாட்டாங்க.

மேர்சி: அப்ப பத்து வைப்பம்!

ஜொய்சன்: பத்துப் பத்தா எண்ணிக்கொண்டிருந்தா விளையாடுற எப்ப? மூண்டுதான் அளவு. எண்ணவும் லேசு, நடுவில குவியலாயும் தெரியும். குவியலக் கண்டா எழும்ப மனம் வராது.

மேர்சி: நீங்க வேலை செய்யிற கொழும்பு கசினோவிலயும் இப்பிடித்தானா?

ஜொய்சன்: அங்க காசுக்குப் பதிலா வில்லை, இஞ்ச மட்டி ஓடு. போக்கர் மேசையில எத்தின ரூவா வில்லையக் குடுக்கிற எண்டு முதல் பாப்பம். மறுகாதான் பந்தயம். மூண்டு நாலு வில்லையில ஒரு பந்தயம் வரவேணும். அதுக்கு மேல ஒருத்தரும் வைக்கேலா.

மேர்சி: ஆசப்பட்டாலும்...?

ஜொய்சன்: ஏலா. அதுதான் லிமிட் விளையாட்டு. ஒரேயடியாக் காசு விட்டு ஆரும் தாழமாட்டாங்க. கனநேரம் இருப்பாங்க.

மேர்சி: ஆக்கள எழும்பாம இருத்தி வைக்கிற வேலை! அதுக்குத்தான் உங்களப் பொறுப்பாளர் ஆக்கினாங்களாக்கும்.

ஜொய்சன்: நீ அத ஊர் முழுக்கச் சொல்லிட்டியாமே...

மேர்சி: சொல்லாம? என்ட மனுசன். சரி, காட்ஸப் போடுங்க. என்ட ஓடு முடிஞ்சா நாளைக்கு நீங்க பஸ் ஏறுற. உங்கட ஓடு முடிஞ்சா இஞ்சயே, ஊரோட, பெரியகல்லாத்தோட இருக்கிற. கதை மாறக்கூடா.

ஜொய்சன்: மாறமாட்டன். ...மேர்சி, உன்ட தையல் மெஷின் எங்க? மூலை வெறுமையாக் கிடக்கு.

மேர்சி: அது... திருத்தக் குடுத்த. விளையாட்டப் பாருங்க.

ஜொய்சன்: சரி. இது பத்தாவது ஆட்டம், மூண்டு ஓடு வைக்கிறன்.

மேர்சி: எனக்கு வேணாம், காட்ஸக் கவுத்துட்டன். மூண்டையும் நீங்களே எடுங்க.

ஜொய்சன்: இதையுமா? ...சரி, அடுத்தது. இந்தா.

மேர்சி: மூண்டு.

ஜொய்சன்: நானும் கவுத்துட்டன்.

மேர்சி: என்னத்துக்கு? காட்டுங்க பாப்பம். விடுங்க கைய! ...ரெண்டு ராசா! ரெண்டு ராசாவ வைச்சுக்கொண்டு கவுக்கிற மனுசனா நீங்க?

ஜொய்சன்: நீ முந்திக் கவுத்தது எங்க... இஞ்ச பார்! ரெண்டு ஆசு, ராசாவுக்கும் மேல!

மேர்சி: எனக்கு விளங்கல்ல...

ஜொய்சன்: விளங்கல்லயா? போன லீவில என்ட ஓடெல்லாத்தையும் வழிச்செடுத்தவள் நீ. நீ வெல்லவேணும் எண்டு நானே பொறுக்கித் தந்த ஆசு புள்ள அது!

மேர்சி: ஆ... களவாப் போட்டிருக்கீங்க!

ஜொய்சன்: நீ களவாக் கவுத்திருக்காய்! அதுதான் இவ்வளவு நேரமாகியும் ஓடு குறையவுமில்ல, கூடவுமில்ல. ஏன் தோக்கப் பாத்த? நான் போனா உனக்குச் சந்தோசமா?

மேர்சி: வாய மூடுங்க! நீங்க ஏன் தோக்கப் பாத்த? அத முதல் சொல்லுங்க.

ஜொய்சன்: அது... காட்ஸக் குடு, திரும்பப் போடுவம்.

மேர்சி: இஞ்சேருங்க...

ஜொய்சன்: ஏலா மேர்சி. ஊரான எழும்பாம இருத்தி வைச்சிட்டு நான் அறைக்கு வந்தா, நீ இஞ்ச தனியச் சாப்பிடுற நினைப்புத்தான் வருது. தொண்டையில சோறு இறங்குதில்ல. வேலைய விட்டுட்டன். கடிதம் குடுத்துட்டுத்தான் வந்த.

மேர்சி: ஐயோ ஆண்டவரே!

ஜொய்சன்: பொறுப்பாளர் எண்டு பெருமையாச் சொல்லித் திரிஞ்சாய். எப்பிடி உன்ட முகத்தப் பாத்துச் சொல்லுற? நீ வெண்டு மறிச்சதாப் போகட்டும் எண்டு நினைச்சன். ...கோவமா?

மேர்சி: கோவமில்ல. எனக்கு மட்டும் இறங்குதா சோறு? நீங்க வெண்டு பைய எடுக்கக்குள்ள, நானும் வாறன் எண்டு சொல்லி உங்கள வெருட்டத்தான் இருந்தன்...

ஜொய்சன்: நீயா? கொழும்புக்கா? கடல் காத்தில்லாம ஒரு நாள் இருக்கமாட்டாய்!

மேர்சி: சிரிக்காதீங்க. உங்களுக்காக இருந்திருப்பன்.

ஜொய்சன்: அழாத புள்ள, இனி ஆரும் எங்கயும் போகத் தேவையில்ல. மெஷின் திருத்தி வந்ததும் நீ பழையபடி தை. நான் பக்கத்தில இருந்து பொத்தான் கட்டுறன்.

மேர்சி: மெஷினத் திருத்தக் குடுக்கல்ல. நீங்க கோயிலுக்குப் போன நேரம், மீன் லொறி ஓட்டுற உசனார் காக்காவப் பிடிச்சுக் கொழும்புக்கு ஏத்திவிட்டுட்டன்!